சிராவா, ஷிராஸா, நாசிக்கா: எந்தச் சிவப்பு ஒயினை எடுப்பது?

பெங்களூரில் ஒரு கடையின் அலமாரி முன் நின்றபடி நண்பர் ஒருவர் கைபேசியில் அழைத்தார். மைத்துனர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்து, ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் வாங்கிப் போக வேண்டும். அவர் எதிரே மூன்று பாட்டில்கள். ஒன்று பிரான்சின் குரோஸ் எர்மிடாஜ், இன்னொன்று ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ், மூன்றாவது நாசிக் பக்கத்துத் திண்டோரியில் விளைந்த ஷிராஸ். “மூன்றும் ஒரே திராட்சை என்கிறார் கடைக்காரர். அப்படியானால் எதற்கு மூன்று விலை? எதை எடுப்பது?”

இரண்டு நிமிடத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். அதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வாசகர்களிடமிருந்தும் வருகிறது என்பதால் முழுப் பதிலையும் எழுதிவிடுகிறேன்.

கடைக்காரர் சொன்னது சரிதான். பிரெஞ்சுக்காரர்கள் ‘சிரா’ என்பதும் ஆஸ்திரேலியர்கள் ‘ஷிராஸ்’ என்பதும் ஒரே கொடி. பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்திலிருந்து சிலுவைப்போர் வீரன் ஒருவன் கொண்டுவந்தான் என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. 1990களின் கடைசியில் மரபணுச் சோதனை அதை முடித்துவைத்தது. தெற்கு பிரான்சின் தூரேசா என்ற கருந்திராட்சையும், சவோய் பகுதியின் மொந்தேஸ் பிளாஞ்ச் என்ற வெள்ளைத் திராட்சையும்தான் இதன் தாய் தந்தையர். பெர்சியாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கடைசி ஆறு வாரம்

திராட்சை பச்சையிலிருந்து கருநீலத்துக்கு மாறத் தொடங்கும் நாளிலிருந்து பறிப்பு வரை ஆறு முதல் எட்டு வாரம். ஒயினின் குணத்தில் பெரும்பகுதி அப்போதுதான் தீர்மானமாகிறது. சர்க்கரை ஏறுகிறது, சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை, நொதித்தபின் ஒரு சதவீத ஆல்கஹால். புளிப்பு இறங்குகிறது, வெயில் அதிகமானால் பழத்தின் மாலிக் அமிலத்தைக் கொடியே வேகமாகச் செலவழித்துவிடுகிறது. தோலில் நிறமும் துவர்ப்பும் முதிர்கின்றன.

இவற்றோடு நாலாவதாக ஒன்று உண்டு, மிளகு. சில சிராக்களை முகர்ந்தால் அப்போதுதான் அம்மியில் தட்டிய மிளகு போல வாசம் வரும். இதை உவமை என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ரோட்டன்டோன் என்ற சேர்மத்தைப் பிரித்துக் காட்டினார்கள். நம் சமையலறை மிளகின் வாசத்தைத் தருவதும் அதே சேர்மம். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். குளிர்ந்த இடத்திலும், குளிர்ந்த ஆண்டிலும், நிழல்பட்ட குலையிலும் அது அதிகம் சேர்கிறது. வெயில் நேரே விழும் குலையில் குறைகிறது. பழுக்கும் காலத்தின் பிற்பகுதியில்தான் சேர்கிறது என்பதும் முக்கியம்.

ஆகவே நான் ஒரு தோட்டத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி மண்ணைப் பற்றியதல்ல. பழம் கடைசி ஆறு வாரத்தில் குளிரை நோக்கி நடக்கிறதா, வெயிலை நோக்கி நடக்கிறதா என்பதுதான். குரோஸ் எர்மிடாஜ் விளையும் பிரான்சின் ரோன் நதிக்கரையில் ஆகஸ்டில் நிறம் மாறும் பழம் செப்டம்பரில் பறிப்புக்கு வரும்போது இரவுகள் குளிரத் தொடங்கியிருக்கும். பரோசாவில் பழம் கோடையின் நடுவெயிலிலேயே நின்று முதிர்கிறது. நாசிக்கில் நடப்பது தலைகீழ்: குளிர்கால இரவுகளில் நிறம் மாறி, மார்ச் வெயிலை நோக்கிப் போகிறது.

மண்ணுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. ஆனால் கல்லின் சுவை வேர்வழியே ஏறி ஒயினில் இறங்குகிறது என்ற வருணனையை நான் நம்புவதில்லை. கல் நீரை வடியவிடுகிறது, பகல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. தண்ணீர் குறைந்த கொடியில் பழம் சிறிதாகும். சிறு பழத்தில் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடுதல். நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கின்றன!

எதை வைத்து எடைபோடுவது

விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் சாப்பாடு. மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் நாக்கில் ஒரே வெப்ப நரம்பைத் தூண்டுகின்றன. 15 சதவீத ஒயினைக் காரக் குழம்போடு குடித்தால் எரிச்சல் ஏறும், இறங்காது. இரண்டாவது, என்றைக்குத் திறக்கப் போகிறீர்கள் என்பது: இந்த ஞாயிறா, மகளின் பட்டமளிப்பு நாளா? மூன்றாவது, ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறினால் பொறுத்துக்கொள்வீர்களா? நான்காவது, குடிக்கப்போகிறவரின் பழக்கம். மாதுளைச் சாறு மட்டும் குடித்துப் பழகியவருக்கு வடக்கு ரோன் முதல் மடக்கில் தண்டனை போலத்தான் இருக்கும். இவையெல்லாம் தெளிவானபின் விலை. அதிலும் ஒட்டிய விலை வேறு, மறைந்த செலவு வேறு.

வடக்கு ரோன்: குளிரை நோக்கிப் பழுக்கும் சிரா

வியன் நகரத்துக்குத் தெற்கே தொடங்கி வாலான்ஸ் வரை, ரோன் நதியின் இரு கரையிலும் இந்தத் தோட்டங்கள். 45ஆவது அட்சரேகை இதன் ஊடேதான் ஓடுகிறது. சிரா முழுதாகப் பழுக்கக்கூடிய எல்லையை ஒட்டிய இடம் இது. அதனால்தான் தோட்டங்கள் தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவுகளில் தொங்குகின்றன. தப்பிப் போகும் வெயிலையும் பிடித்தாக வேண்டும். வடகோடியில் உள்ள கோட் ரோட்டி என்ற பகுதியின் பெயருக்குப் பொருளே ‘வறுபட்ட சரிவு’. அங்கே தகடு தகடாகப் பிளக்கும் பாறையும், தெற்கே எர்மிடாஜ் குன்று, கோர்னாஸ் ஊர்ப் பக்கம் கிரானைட்டும். வடக்கிலிருந்து மிஸ்திரல் காற்று அடிக்கிறது. கொடியை முறிக்கும் அளவுக்கு அடிக்கும் அதே காற்றுதான் மழைக்குப்பின் குலைகளை உலர்த்திப் பூஞ்சணத்தையும் விரட்டுகிறது. சரிவுகளில் ஒவ்வொரு கொடியையும் கம்பு நட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

சுவை? நாவல்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கனிந்து தரையில் உதிர்ந்தது அல்ல, கிளையிலிருந்து பறித்தது. புளிப்பும் துவர்ப்பும் முன்னால், இனிப்பு பின்னால். மேலே தட்டிய மிளகு, ஆலிவ், லேசான புகை, ஊதாப்பூ. ஆல்கஹால் பெரும்பாலும் 12.5 முதல் 13.5 சதவீதம். கோட் ரோட்டியில் 20 சதவீதம் வரை வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சேர்த்து நொதிக்க விதி அனுமதிக்கிறது. சேர்த்த பாட்டிலில் பூவாசம் தூக்கலாக இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான போர்தோவின் வணிகர்கள் தங்கள் ஒயின் மெலிந்து போன ஆண்டுகளில் எர்மிடாஜைக் கலந்து உடம்பேற்றி விற்றார்கள். ‘எர்மிடாஜ் ஏற்றியது’ என்று அதற்கு ஒரு வினைச்சொல்லே இருந்தது. இன்று அந்தக் குன்றின் பரப்பு 140 ஹெக்டேருக்கும் குறைவு, உலகம் முழுக்க வாங்க ஆள் இருக்கிறது. எர்மிடாஜ், கோட் ரோட்டி விலைக்கு மண் பாதி காரணம், சரிவு பாதி. எந்திரம் ஏற முடியாத இடத்தில் கவாத்திலிருந்து பறிப்பு வரை எல்லாம் கைவேலை. கூலியைத்தான் நாம் பாட்டிலில் வாங்குகிறோம்.

குரோஸ் எர்மிடாஜ் மலிவாகக் கிடைப்பதற்கும் அதுவே விடை. அதில் பெரும்பகுதி எர்மிடாஜ் குன்றைச் சுற்றியுள்ள கூழாங்கல் சமவெளி. டிராக்டர் ஓடும், எந்திரம் பறிக்கும். குன்றின் ஆழம் அதில் இருக்காது, மிளகு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அது போதும். பெயரில் எர்மிடாஜ் இருக்கிறதே என்று குன்றின் தரத்தை எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. முகப்புச்சீட்டில் முதல் சொல்லையும் படியுங்கள்.

மறைந்த செலவு மூன்று. ஒன்று, ஆண்டு. எல்லையில் பழுக்கும் பழம் வானத்தின் தயவில் வாழ்கிறது. 2003இன் கடும் வெப்பத்தில் ரோனே பரோசா போலக் கனத்தது. 2021 ஏப்ரல் பனி இளந்தளிர்களைக் கருக்கியது. பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது. இரண்டு, தக்கை. தக்கைநோய் பிடித்த பாட்டில் ஈரமான அட்டைப்பெட்டி போல நாறும். கடைக்காரர் திரும்ப வாங்குவாரா என்பது அவர் மனத்தைப் பொறுத்தது.

மூன்றாவது உங்கள் மூக்கு. ரோட்டன்டோன் ஆய்வில் பங்கேற்றவர்களில் சுமார் ஐந்தில் ஒருவரால், பல மடங்கு அளவு கொடுத்தும் அதை உணரவே முடியவில்லை. அந்த ஒருவர் நீங்கள் என்றால், வடக்கு ரோனுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு நல்ல பகுதி வீண். இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

பரோசா: வெயிலிலேயே முதிரும் ஷிராஸ்

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரப் பயணம். மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். கோடை வறண்டது, நீண்டது. பழம் பழுக்குமா என்ற கவலை இங்கே இல்லை. எப்போது நிறுத்துவது என்பதுதான் கவலை. ஒரு வாரம் தாமதித்தால் ஒயின் 15 சதவீதத்தைத் தாண்டும்.

பரோசாவின் உண்மையான சொத்து வெயில் அல்ல, கிழட்டுக் கொடிகள். 1832இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த கொடித் துண்டுகளும், 1840களில் சைலீசியா என்ற ஜெர்மானியப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய லுத்தரன் கிறித்தவக் குடும்பங்களும் தொடங்கிவைத்த தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் பிரான்சின் கொடிகளை அழித்துத் தள்ளியது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்றுவரை நுழையவில்லை. 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. 2009இல் இதற்கென ஒரு சாசனமே எழுதி, 35 வயதைக் கடந்தது ‘பழையது’, 70 ‘தப்பிப் பிழைத்தது’, 100 ‘நூற்றாண்டு’, 125 ‘மூதாதை’ என்று வகை பிரித்தார்கள். வயதான கொடி குறைவாகவே காய்க்கும். ஆனால் வேர் ஆழத்தில் இருப்பதால் வறட்சியிலும் தள்ளாடாது. அதனால் பழம் ஒரே சீராக முதிர்கிறது.

சுவையில் கருப்பட்டி, பேரீச்சை, அதிமதுரம், நன்கு பழுத்த கருநிறப் பழங்கள். மரபாக அமெரிக்க ஓக் பீப்பாயில் வைப்பதால் தேங்காயும் வெனிலாவும் சேர்ந்த ஒரு மணம். சில தோட்டங்களின் ஒயினில் யூகலிப்டஸ் வாசம் தெளிவாக வரும். ஊட்டிப் பக்கம் தைலமரக் காட்டைக் கடந்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். அது மண்ணின் மாயம் அல்ல. தோட்டத்தை ஒட்டி நிற்கும் மரங்களின் எண்ணெய் பழத்தோலில் படிகிறது. மரத்துக்கு அருகிலுள்ள வரிசைகளில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு.

வெயிலில் புளிப்பு கரைந்துபோவதால் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது அங்கே சாதாரணம். கலப்படமோ என்று பதறவேண்டாம். திராட்சைக்கு இயல்பான அமிலம்தான் அது, நம் புளியங்காயின் புளிப்பும் அதுவே.

மறைந்த செலவு ஆல்கஹாலில் இருக்கிறது. 12.5 சதவீத ஒயினை விட 15 சதவீத ஒயினில் ஆல்கஹால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இரண்டு கிண்ணத்தில் நிறுத்துபவருக்குக் கவலையில்லை. மூன்றாவதை நீட்டுபவருக்கு மறுநாள் காலை தெரியும். காரச் சாப்பாட்டோடு எரிச்சலும் சேரும். நன்மைகள் பக்கம் பார்த்தால், பெரும்பாலும் திருகுமூடி, அதனால் தக்கைநோய் பயம் இல்லை; ஆண்டுக்கு ஆண்டு பெரிய ஏமாற்றமும் இல்லை. 2022 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் இன்னொரு வசதி. பாட்டிலுக்கு 5 அமெரிக்க டாலருக்கு மேல் இறக்குமதி விலையுள்ள ஆஸ்திரேலிய ஒயினுக்கு 150 சதவீதச் சுங்கவரி உடனே 100 ஆனது, 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 ஆனது. பத்தாண்டுகளில் அவை 50, 25 என்று இறங்க வேண்டும்.

பரோசாவைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் ஒயின் ரசிகர்களுக்கு ஒரு தகவல். ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷூபர்ட் 1951இல் முதன்முதலாகச் செய்துபார்த்த, ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற ஷிராஸான பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச், 1989ஆம் ஆண்டு விளைச்சல் வரை ‘கிரேஞ்ச் எர்மிடாஜ்’ என்ற பெயரில்தான் விற்றது.

நாசிக்: வெயிலை நோக்கிப் பழுக்கும் ஷிராஸ்

20ஆவது அட்சரேகையில் நல்ல ஒயின் திராட்சை விளையும் என்று பழைய பாடப்புத்தகம் எதுவும் சொல்லாது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் கொடிக்கு இங்கே உறக்கம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை விவசாயிகளுக்கு இது புதிதல்ல. அங்கே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிறார்கள். நாசிக்காரர்கள் ஏப்ரலில் ஒரு கவாத்து, பருவமழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து செய்து பறிப்பை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கொண்டுவருகிறார்கள். மழைக்காலத்து விளைச்சலை வேண்டாம் என்று விட்டு, வறண்ட குளிர்காலத்தைக் கொடிக்குக் கோடையாகக் காட்டும் தந்திரம்.

உயரம் சுமார் 600 மீட்டர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதும் உண்டு. தக்காணத்தின் எரிமலைப் பாறை உடைந்த மண், சொட்டுநீர்ப் பாசனம். முதலில் பறித்த பழம் குளிரின் புளிப்போடு வரும். பிந்தினால் வெயில் விரட்டும். விவசாயி சர்க்கரை ஏறக் காத்திருப்பதா, புளிப்பைக் காப்பாற்றுவதா என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போடவேண்டும். அந்தக் கணக்கு தவறிய பாட்டிலை நாக்கு கண்டுபிடித்துவிடும்: ஒரு பக்கம் வெந்த பழம், இன்னொரு பக்கம் பச்சைக் காம்பின் கசப்பு, நடுவில் ஒன்றுமில்லை. கணக்குச் சரியாக விழுந்தவை மென்மையான பிளம் சுவை, கொஞ்சம் கிராம்பு, குறைந்த துவர்ப்போடு இதமாக இருக்கும்.

நாசிக்கின் பெயர்பெற்ற ஒயின் நிறுவனமான சூலா 1999இல் தொடங்கியது, ரோன் தோட்டங்களுக்கு நூற்றாண்டுகள் வயது. ஒப்பிடுவதே நியாயமில்லை என்பார்கள். ஆனால் அலமாரியில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன, நம் பணப்பையும் ஒன்றுதான். சுங்கவரி இல்லாததால் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஒயினுக்கே போகிறது என்பது நாசிக்கின் பெரிய பலம். வெளிநாட்டுப் பாட்டிலில் கப்பலுக்கும் வரிக்கும் கொடுத்தபின் மிஞ்சுவதுதான் ஒயின்.

இதன் மறைந்த செலவு காத்திருப்பு. பெரும்பாலானவை இரண்டு, மூன்று ஆண்டுக்குள் குடிக்க வேண்டியவை. கடையில் தூசி படிந்து நிற்கும் நான்கு வருடப் பாட்டிலைத் தள்ளுபடியில் கொடுத்தால் வாங்காதீர்கள். மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத ஒரு கடையின் கண்ணாடி ஓரத்திலிருந்து நான் வாங்கியது வேகவைத்த திராட்சை ரசமாக இருந்தது. தவறு கொடியினுடையது அல்ல.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வடக்கு ரோன் | பரோசா | நாசிக் |
|---|---|---|---|
| பறிப்பு | செப்டம்பர் | பிப்ரவரி – ஏப்ரல் | ஜனவரி – மார்ச் |
| பெரும்பாலும் ஆல்கஹால் | 12.5–13.5% | 14–15% | 13–14% |
| முன்னால் நிற்பது | மிளகு, புளிப்பு | கனிந்த பழம், ஓக் | மென்மை, கிராம்பு |
| மிளகுக் கறி | மிகப் பொருத்தம் | தாங்கும் | பொருந்தும் |
| மிளகாய்க் காரம் | பரவாயில்லை | வேண்டாம் | குளிர்வித்தால் சரி |
| வைத்திருக்கலாமா | குரோஸ் சில ஆண்டுகள், எர்மிடாஜ் 20க்கும் மேல் | 5–15 ஆண்டுகள் | உடனே குடிக்கவும் |
| எதில் கைசுடும் | ஆண்டு, தக்கை, மூக்கு | ஆல்கஹால் | கடையின் வெப்பம் |

வைத்திருப்பது பற்றி ஒரு சொல். இருபது ஆண்டு தாங்கும் எர்மிடாஜ் தாங்குவது 12, 13 டிகிரி நிலவறையில். சென்னை வீட்டு மர அலமாரியில் இரண்டு கோடை தாண்டாது. ஒயினுக்கென்று குளிர்பெட்டி வாங்க நினைத்தால் அந்தச் செலவையும் மின்கட்டணத்தையும் பாட்டில் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால் முதுமைக்கு என்று எதையும் எடுக்காதீர்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று சொன்னவர்களின் அறை 16, 17 டிகிரி. நம் அறை 31. எந்தப் பாட்டிலாக இருந்தாலும் அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். பரோசாவுக்கு இது இன்னும் அவசியம். சூடானால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்குக்கு வரும்.

யாருக்கு எது

மட்டன் மிளகு வறுவல், ஆட்டுக்கால் சூப் என்றால் குரோஸ் எர்மிடாஜ், அதுவும் வெப்பம் மிகாத ஆண்டுடையது. மரக்கரி அடுப்பில் சுட்ட இறைச்சி, காரம் குறைவு, விருந்தினர் எட்டுப் பேர், ஒயினில் யாருக்கும் பெரிய பழக்கமில்லை என்றால் யோசிக்காமல் பரோசா. வாரநாள் இரவு, வீட்டில் இரண்டு பேர், மீன்குழம்பு அல்லாத ஏதோ ஒன்று என்றால் நாசிக். பரிசாக, பெறுபவர் விஷயம் தெரிந்தவர், வைக்க இடமும் இருக்கிறது என்றால் கோர்னாஸ். எர்மிடாஜின் பெயர் இல்லாததால் விலையும் குறைவு, சிராவைத் தவிர வேறு திராட்சைக்கு விதியில் இடமும் இல்லை.

மிளகும் வேண்டும், கனிவும் வேண்டும், தக்கைநோயும் வேண்டாம் என்று பேராசைப்படுபவர்களுக்கு நாலாவது வழி ஒன்று இருக்கிறது. பரோசா சமவெளியை ஒட்டியே மேட்டில் இருக்கும் ஈடன் பள்ளத்தாக்கு. 400, 500 மீட்டர் உயரம் என்பதால் பறிப்பு பிந்துகிறது, பழம் குளிரைத் தொட்டுவிடுகிறது. பரோசா என்று பொதுவாகப் போட்டிருந்தால் இரண்டு இடத்துப் பழமும் கலந்திருக்கலாம். ஈடன் பள்ளத்தாக்கு என்று தனியே எழுதியிருந்தால் மேட்டுப் பழம். தமிழ்நாட்டில் டாஸ்மாக் எலைட் கடை வைத்திருப்பதுதான் கிடைக்கும் என்பதால் இந்தத் தேர்வு பெங்களூர், சிங்கப்பூர், மெல்பர்ன் வாசகர்களுக்கே அதிகம் உதவும்.

நண்பரின் மைத்துனர் அன்று சமைத்தது செட்டிநாட்டு மிளகுக் கறி என்று தெரிந்ததால் நான் குரோஸ் எர்மிடாஜைத்தான் எடுக்கச் சொன்னேன். திங்கட்கிழமை காலை அவர் திரும்ப அழைத்தார். மேசையில் ஐந்து பேராம். நான்கு பேர் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, கறியின் வாசமா ஒயினின் வாசமா என்று சண்டையே போட்டிருக்கிறார்கள். மைத்துனர் மட்டும் நீண்ட நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, “மிளகு எங்கே இருக்கிறது? புளிக்கத்தான் செய்கிறது. அடுத்த முறை நாசிக்கே வாங்கி வாருங்கள்” என்றாராம்.